திருப்போரூருக்கும் திருத்தணிக்கும் நடுவில்: குழந்தையின் கோபத்துக்குக் குன்றத்தூர் முருகன் சொல்லும் பாடம்

ஓம் சரவணபவ 🙏



இந்த வாரப் பாடம் பெரியவர்களுக்குத்தான். எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், அந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். இரண்டு நாளாகப் பிரித்துக்கூடப் படிக்கலாம்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் மகன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தான். ஆனி மாசம் ஒரு நாள் ஸ்கூலில் இருந்து போன் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கையைக் கடித்துவிட்டானாம். ஒரு ரப்பருக்காக வந்த தகராறு. பல் பதிந்து கன்றிப் போயிருந்தது. அந்தப் பையனுடைய அம்மாவுக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதுகில் நாலு வைத்தேன். "இனிமே கோபப்படுவியா? படுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அந்த நேரத்தில் நான் எவ்வளவு கோபத்தில் இருந்தேன் என்பது எனக்கே உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான். ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தான். கோபம் போகவில்லை, உள்ளே போய்விட்டது.

அடுத்து ஆடிக் கிருத்திகை. குன்றத்தூர் மலைக்குக் குடும்பமாகப் போனோம். நல்ல கூட்டம். படியேறும்போது பையன் சிணுங்காமல் இருக்க என் மாமனார் பழனிக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிப் படியில் பையன் நின்றுவிட்டான்.

"தாத்தா, முருகனுக்கும் கோபம் வந்துச்சுல்ல? அவரை யாரு அடிச்சாங்க?"

மாமனார் என்னைப் பார்த்தார். நான் படியைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்தான் இந்தப் பாடம்.

*1. பழனியில் யாரும் அடிக்கவில்லை*

ஞானப்பழக் கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு தடவை குழந்தையின் இடத்தில் நின்று பாருங்கள். உலகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். பிள்ளை சொன்னபடியே மயிலேறிச் சுற்றி வந்தான். வந்து பார்த்தால் பழம் அண்ணன் கையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதில் தத்துவம் தெரியும். உழைத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

அம்மையும் அப்பனும் என்ன செய்தார்கள்? "கோபப்படாதே" என்று அதட்டவில்லை. "அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ" என்று குத்திக்காட்டவில்லை. கோபித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடி மலைக்கே போனார்கள். "பழம் நீ" என்று சொன்னார்கள். அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்று என்று தல வரலாறு சொல்கிறது. "உனக்கு இங்கே இடம் உண்டு, நீ எங்களுக்கு வேணும்" என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்கப்புறமும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அவன் விரும்பிய இடத்திலேயே இருக்கவிட்டார்கள்.

ஔவைப் பாட்டியையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆத்திசூடியில் இரண்டாவது வரியே சினத்தைப் பற்றியதுதான். சினமே வரக்கூடாது என்று பாட்டி சொல்லவில்லை. வந்த சினத்தை ஆற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறார். சூடான கஞ்சியை ஆற்றிக் குடிக்கிற மாதிரி. நாம் என்ன செய்கிறோம்? கஞ்சி ஏன் சுடுகிறது என்று தட்டையே தூக்கி எறிகிறோம்.

*2. நடுவில் ஒரு ஊர் இருக்கிறது*

நம்ம குன்றத்தூர் தல வரலாறு என்ன? திருப்போரூரில் அசுரரோடு போர் முடித்த முருகன் திருத்தணிக்குப் போகிறார். போகும் வழியில் இந்தக் குன்றில் தங்கி, சிவனை வழிபட்டார். அவர் வழிபட்ட சிவன்தான் மலையடிவாரத்தில் இருக்கும் கந்தழீஸ்வரர். திருத்தணி, சினம் தணிந்த இடம். வடக்குப் பார்த்து நிற்பதால் குன்றத்தூரைத் தென் தணிகை என்றும் பக்தர்கள் சொல்வதுண்டு.

எத்தனையோ வருஷமாக இதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆடிக் கிருத்திகைக்கு அப்புறம்தான் வேறு மாதிரி புரிந்தது. திருப்போரூர் என்பது போர். திருத்தணி என்பது தணிவு. முருகனே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவலில் போகவில்லை. நடுவில் ஒரு இடத்தில் தங்கினார். அந்தத் தங்கல்தான் குன்றத்தூர்.

நாமோ ஆறு வயசுப் பிள்ளையைத் திருப்போரூரிலிருந்து திருத்தணிக்கு ஒரே நொடியில் தாவச் சொல்கிறோம். "அழுகையை நிறுத்து! இப்பவே நிறுத்து!" என்கிறோம். எப்படி முடியும்?

மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. பயம், கோபம் இவற்றுக்கு உடனே மணி அடிக்கிற மூளைப் பகுதி பிறந்த குழந்தைக்கே வேலை செய்கிறது. "இரு, யோசிச்சுச் செய்" என்று பிடித்து நிறுத்துகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர 25 வயதுவரைகூட ஆகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு வண்டி ஓடுகிறது, பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. திமிர் என்று நாம் நினைப்பதில் பாதி, வயசு.

அதற்காக அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சின்ன வயசில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் 32 வயதில் உடல்நலத்திலும் பணவிஷயத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அதில் நமக்கு ஆறுதலான சேதி ஒன்று உண்டு. வளர வளரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் நன்றாகவே இருந்தார்கள். அப்படியென்றால் இது பிறவிக் குணம் மட்டும் இல்லை, பழக்கிக் கொடுக்கலாம்.

எப்படிப் பழக்குவது? நான் செய்து பார்த்த ஐந்து பயிற்சிகளைச் சொல்கிறேன்.

*3. முதல் பயிற்சி: பேர் வைப்பது*

உங்கள் பிள்ளையிடம் "மனசுக்குள்ள என்னென்ன வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "சந்தோஷம், கோபம்" என்ற இரண்டோடு நின்றுவிடும். நம் தமிழோ இதில் பெரும் பணக்கார மொழி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஒரு தனி இயலே வைத்து, சிரிப்பு, அழுகை முதலாக மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்திருக்கிறார். வெகுளி எட்டில் ஒன்றுதான். அச்சமும் வியப்பும் பெருமிதமும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

வீட்டுப் பேச்சில் இன்னும் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். எரிச்சல், ஏக்கம், ஏமாற்றம், கூச்சம், பொறாமை, வெட்கம், அவமானம், சலிப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு. பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தெரியாவிட்டால் எல்லாமே "கோபம்" என்ற ஒரே வாசல் வழியாக வெளியே வரும்.

என் மகன் கடித்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பல மாசம் கழித்துத்தான் சொன்னான். அந்த ரப்பர் அவன் தாத்தா வாங்கிக் கொடுத்த மயில் ரப்பர். அந்தப் பையன் எடுத்து மற்ற பிள்ளைகளிடம் காட்டிச் சிரித்திருக்கிறான். இவனுக்கு வந்தது முதலில் அவமானம், அடுத்துப் பயம், கடைசியில்தான் கோபம். "டீச்சர், அவன் என்னைக் கேலி பண்றான்" என்று சொல்ல வார்த்தை வரவில்லை, பல் வந்துவிட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. பெரியவர்களிடம் கோப முகம், பயந்த முகம் உள்ள படங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சியின் பேரைச் சொன்னபோது மூளையில் மணி அடிக்கிற பகுதி கொஞ்சம் அடங்கியது. பேர் சொன்னாலே பாதி தணிகிறது.

செய்முறை இதுதான். தினமும் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஒரு சொல். "இன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல எரிச்சலா இருந்துச்சு, உனக்கு?" என்று *முதலில் நீங்கள்* சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் பிள்ளையை மட்டும் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

*4. இரண்டாம் பயிற்சி: ஏரி எத்தனை அடி?*

இது நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு.

ஐப்பசியில் மழை பிடித்ததும் குன்றத்தூர், அனகாபுத்தூர், திருநீர்மலைப் பக்கத்து வீடுகளில் முதல் பேச்சு என்ன? "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" ஏரியின் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பரில் என்ன நடந்தது என்று அடையாற்றுக் கரையில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏரி முழுசாக நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும் என்பதை இன்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

மனசும் ஒரு ஏரிதான். ஒரு அட்டையில் 0 முதல் 24 வரை அளவுகோல் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒரு துணி கிளிப்பை மாட்டுங்கள். "இப்போ ஏரி எத்தனை அடி?" என்று கேளுங்கள். பிள்ளையே கிளிப்பை நகர்த்தட்டும்.

10 அடிக்குக் கீழே: நிம்மதி. விளையாடலாம், படிக்கலாம்.
15 அடி: எரிச்சல் ஆரம்பம். பசியா, தூக்கமா என்று பார்க்க வேண்டிய நேரம்.
20 அடி: கை இறுகும், காது சுடும், தொண்டை அடைக்கும். இங்கேதான் மதகைத் திறக்கணும்.
24 அடி: உடையும். இப்போது அறிவுரை ஏறாது. பக்கத்தில் பத்திரமாக இருந்தால் போதும்.

பெரியவர்கள் செய்கிற பெரிய தப்பு 24 அடியில் பாடம் நடத்துவது. வெள்ளம் ஓடும்போது யாரும் மதகுக்கு எண்ணெய் போடுவதில்லை. தண்ணி வடிந்த பிறகு, மறுநாள் சாயங்காலம் பேசுங்கள்.

20 அடியில் மதகைத் திறப்பது எப்படி? நம்மிடம் ஆறெழுத்து இருக்கிறது. பிள்ளையை மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். விடும்போது ச - ர - வ - ண - ப - வ என்று ஆறு எழுத்தையும் விரலில் ஒவ்வொன்றாகத் தொட்டபடி மெதுவாக விடட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தானாகக் குறையும். மூன்று தடவை போதும்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சந்தோஷமான நேரத்தில்தான் பழக்க வேண்டும், தினம் விளக்கேற்றும்போது பழக்கலாம். நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. "கத்தினியா? போய் நூத்தியெட்டு தடவை சொல்லு" என்று முருகன் பெயரைத் தண்டனையாகவும் ஆக்கிவிடாதீர்கள்.

*5. மூன்றாம் பயிற்சி: காத்திருக்கப் பழக்குவது*

இது பிள்ளையைவிட நமக்கான பயிற்சி.

அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில் வால்டர் மிஷல் என்ற உளவியல் அறிஞர் 1960-களின் கடைசியில் ஒரு சோதனை தொடங்கினார். நாலு வயசுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு மிட்டாய். "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்." காத்திருந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்க்கவில்லை. கண்ணைப் பொத்தினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். "இது மிட்டாய் இல்ல, மேகம்" என்று நினைக்கச் சொன்னபோது இன்னும் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள். அடக்கம் என்பது வெறும் பலம் இல்லை, கற்றுக்கொள்ளக்கூடிய சின்னச் சின்ன உபாயங்கள்.

இந்தச் சோதனையைப் பற்றி வாட்ஸ்அப்பில் நிறைய மிகைப்படுத்திச் சுற்றுகிறது. காத்திருந்த பிள்ளைகள் எல்லாரும் வாழ்க்கையில் ஜெயித்தார்கள், மற்றவர்கள் தோற்றார்கள் என்று போடுகிறார்கள். அப்படி இல்லை. 2018-ல் பல நூறு பிள்ளைகளின் விவரங்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். குடும்பச் சூழல், தாயின் படிப்பு இவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே உங்கள் பிள்ளை ஒரு லட்டுக்குப் பொறுக்கவில்லை என்று அவன் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-ல் வெளியானது. மொத்தம் 28 பிள்ளைகள். மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால் அவர்களிடம் ஒரு பெரியவர், "இரு, நல்ல க்ரேயான் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிப் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்து கொடுத்தார். மீதிப் பிள்ளைகளிடம் "மன்னிச்சிக்கோ, இல்ல" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகுதான் மிட்டாயை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ஆடிக் கிருத்திகை ஞாபகம் வந்தது. ஏறும்போது பையனிடம் சொல்லியிருந்தேன், "அமைதியா வரிசையில நின்னா இறங்கும்போது பலூன்." ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றான். காலை மாற்றி மாற்றி நின்றான், சிணுங்கவில்லை. இறங்கி வந்தால் கூட்டம், பஸ் கிளம்பப் போகிறது. "நாளைக்கு வாங்கித் தரேன்" என்று இழுத்துக்கொண்டு ஓடினேன். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "தெரியும்மா" என்றான்.

"தெரியும்மா" என்ற அந்த ஒரு வார்த்தை, நான் அடித்ததைவிட அதிகமாக என்னை உறுத்தியது. காத்திருந்து பயனில்லை என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

அதனால் இந்தப் பயிற்சிக்கு விதி ஒன்றுதான். *சொன்னால் செய்யுங்கள். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள்.* சின்னதாக ஆரம்பியுங்கள். "ரெண்டு நிமிஷம் இரு, வரேன்" என்றால் இரண்டு நிமிஷத்தில் வாருங்கள். முடியாமல் போனால் மன்னிப்புக் கேட்டு, வேறு நாள் குறித்து, அந்த நாளில் செய்துவிடுங்கள். சஷ்டி விரதம் இருக்கிற பக்தருக்கு ஆறாம் நாள் சூரசம்ஹாரம் நிச்சயம் உண்டு. அந்த நிச்சயம் இருப்பதால்தான் ஐந்து நாளும் பசி தாங்குகிறது. பிள்ளைக்கும் அந்த நிச்சயம் வேண்டும்.

*6. நான்காம் பயிற்சி: மறுபக்கம் போய் நின்று பார்ப்பது*

குன்றத்தூர் சன்னதியின் விசேஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முருகன் வள்ளி தெய்வானை இருவரோடும்தான் நிற்கிறார். ஆனால் ஒரு பக்கம் நின்று பார்த்தால் ஒரு தேவியோடு மட்டுமே தெரிவார். அடுத்த தேவியைத் தரிசிக்க மறுபக்கம் நகர வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் இதை ஞாபகப்படுத்துங்கள். "நீ இந்தப் பக்கம் நின்னு பார்த்தே. அவன் அந்தப் பக்கம் நின்னான். அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" யார் சரி யார் தப்பு என்ற தீர்ப்பை உடனே சொல்லாதீர்கள். இரண்டு பேரையும் நிஜமாகவே இடம் மாறி உட்காரச் சொல்லி, அடுத்தவர் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். சிரித்தாலே ஏரி நாலு அடி இறங்கிவிடும்.

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது பிள்ளையைச் சன்னதியின் இரண்டு பக்கமும் நிறுத்திக் காட்டுங்கள். கண்ணால் பார்த்த பாடம் மறக்காது.

*7. ஐந்தாம் பயிற்சி: கீழே உட்கார்ந்து கேட்பது*

சுவாமிமலையில் என்ன நடந்தது? பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, அப்பன் சீடனாகக் கேட்டார். உலகத்துக்கே தகப்பன், பிள்ளைக்குக் காது கொடுத்தார். அதனால்தான் அவன் தகப்பன்சாமி.

நாம் நின்றுகொண்டு கேட்கிறோம். போனைப் பார்த்துக்கொண்டே கேட்கிறோம். பதில் பாதியில் இருக்கும்போதே அறிவுரையை ஆரம்பித்துவிடுகிறோம். தினம் ஐந்து நிமிஷம், பிள்ளையின் கண் உயரத்துக்கோ அதற்குக் கீழேயோ உட்கார்ந்து கேளுங்கள். "ம்", "அப்புறம்?" இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் பேச வேண்டாம்.

*8. நாம் விட வேண்டியவை*

"சாமி கண்ணைக் குத்தும்." முருகனைப் போலீஸ்காரர் ஆக்கும் பேச்சு இது. பயந்த பிள்ளை கடவுளிடம் தன் மனசைத் திறக்காது.

"ஆம்பளப் புள்ள அழலாமா?", "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கோபமா?" அழுகைக்கும் கோபத்துக்கும் ஆண் பெண் கிடையாது.

அடி. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டுக்குள் சட்டம் வராவிட்டாலும் நியாயம் ஒன்றுதான். கோபத்தில் அடித்துக்கொண்டே "கோபப்படாதே" என்று சொன்னால் பிள்ளை வார்த்தையைப் படிக்காது, கையைத்தான் படிக்கும்.

*9. ஆசிரியர்களுக்கு*

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மழலை வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. மூச்சைக் கவனிப்பது, கதை, கலந்துபேசுவது, அவ்வளவுதான். பரீட்சை கிடையாது. மதிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து வரும்போது இரண்டு நிமிஷம் அமைதி, ஏரி அளவைக் கையால் உயர்த்திக் காட்டச் சொல்வது, இந்த இரண்டையும் எந்த வகுப்பிலும் செய்யலாம். பல மதத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆறெழுத்துக்குப் பதில் ஒன்று முதல் ஆறு எண்ணினால் போதும், மூச்சுக்கு மதம் இல்லை. வகுப்பு மூலையில் ஒரு பாயைப் போட்டு "குன்றத்தூர்" என்று பேர் வைத்துவிடுங்கள். யாருக்கு ஏரி நிரம்புதோ அவர் போய்த் தங்கிவிட்டு வரலாம். அது தண்டனை மூலை ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் டீச்சரும் போய் உட்காரலாம்!

*10. கோபம் எங்கே போகும்?*

கடைசியாக ஒன்று. சூரனை முருகன் என்ன செய்தார்? மாமரமாக நின்றவனை வேல் பிளந்தது. அவனை அழித்துவிடவில்லை. ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். மயில் வாகனம் ஆயிற்று, சேவல் கொடி ஆயிற்று. எந்த வேகம் எதிர்த்து நின்றதோ, அதே வேகம் சுமந்துகொண்டு பறந்தது. பிள்ளையின் கோபமும் அப்படித்தான். அநியாயத்தைக் கண்டால் கொதிக்கிற அந்த வேகம் அவனுக்கு நாளைக்கு வேணும். கொன்றுவிடக் கூடாது, ஏறி ஓட்டக் கற்றுக்கொடுக்கணும்.

என் மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதலில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நான் அடிச்சது தப்பு. எனக்கு ஏரி உடைஞ்சுபோச்சு" என்றேன். பலூனும் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு மாசம் லேட்டாக. தை மாசம் மறுபடி ஒருவனைத் தள்ளிவிட்டான். புகார் வந்தது. இந்தத் தடவை அடிக்கவில்லை, மறுநாள் பேசினோம்.

அடுத்த வாரமே ஒரு சாயங்காலம் தங்கை அவன் கட்டிய கோட்டையைக் கலைத்துவிட்டாள். முகம் சிவந்து, கை இறுகி எழுந்தான். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் அவனே சொன்னான்: "அம்மா, இருபத்திரெண்டு அடி. நான் மாடிப்படில உக்காந்துட்டு வரேன்."

நான் போய் அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே விரலை எண்ண ஆரம்பித்தான். ச... ர... வ...

*இந்த வார வீட்டுப்பாடம்*

1. ஏரி அளவுகோல் வரைந்து ஒட்டுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளிப், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து.
2. தினம் ராத்திரி ஒரு உணர்ச்சிக்குப் பேர்.
3. இந்த வாரம் பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை நிறைவேறியது என்று பிள்ளையே டிக் அடிக்கட்டும்.
4. வரும் கிருத்திகைக்கு மலைக்குப் போனால் 84 படியில் பாதியில் ஒரு நிமிஷம் உட்காருங்கள். அவசரம் வேண்டாம், முருகன் அங்கேதான் இருக்கிறார்.

பல வாரமாகப் பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொண்டிருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். பேர் போடாமல் அடுத்த பாடத்தில் சேர்க்கிறோம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம் 🙏